யார் பக்கத்தில் குடியிருப்பது?

சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது. இரண்டாவது, "எங்க தங்கப் போற?" இந்த இரண்டாவது கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பட்டியல்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு எத்தனை ஸ்டேசன், வாடகை எவ்வளவு, தண்ணி கரண்டு சேர்த்தா தனியா, சமைக்க விடுவார்களா, வெள்ளிக்கிழமை இரவு ஜொகூர் பாருவுக்குத் திரும்ப பஸ் சுலபமா, பக்கத்தில் கோயில் உண்டா, தோசை கிடைக்குமா. உட்லண்ட்ஸ், மார்சிலிங் என்றால் கடற்பாலம் பக்கம். ஈசூன் என்றால் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. பொங்கோல், செங்காங் என்றால் புது வீடுகள், ஆனால் எல்லைக்குத் தூரம்.

பட்டியலின் கடைசியில், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ஒரு வரி வரும். "நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா பாரு."

மற்ற எல்லாம் பணமும் நேரமும் சம்பந்தப்பட்டவை. இந்த ஒரு வரி மட்டும் மனிதர்களைப் பற்றியது. யார் பக்கத்தில் குடியிருக்க விரும்புகிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வரி. அப்படி விரும்புவது சரியா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "வாடகை கட்டுறது நான், இதுல என்ன சரி தப்பு?" என்று பதில் வரும். அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த விருப்பத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு யார் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைத் தோட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது. எந்த லயம், லயத்தில் எத்தனையாவது கதவு என்பது வரைக்கும் அவர்கள் கையில். மேட்டில் துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, கீழே லயம். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்கு உள்ளேயே. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வெளியே வந்தவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள். பினாங்கின் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டதை என் வயதுக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தே வளர்ந்தோம். ஆகவே எங்கே குடியிருப்பது என்று தேர்ந்தெடுப்பது எங்கள் குடும்பங்களில் மிகப் புதிய பழக்கம். வைக்கப்பட்ட இடத்தில் ஒரு தலைமுறை, தள்ளப்பட்ட இடத்தில் அடுத்த தலைமுறை என்று இருந்துவிட்டு, முதல் முறையாகக் கையில் ஒரு தேர்வு கிடைக்கும்போது, அதைச் சந்தேகிக்கச் சொல்வது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. பத்தில் ஒருவர்கூட இல்லாத கூட்டத்தைச் சேர்ந்தவன், லிப்டில் எப்போதாவது தமிழ் காதில் விழட்டும் என்று ஆசைப்படுவதும், பெரும்பான்மையைச் சேர்ந்தவர் தன் மாடியில் வேறு யாரும் வரக்கூடாது என்று ஆசைப்படுவதும் ஒன்றாகாது. ராத்திரி காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி ரசம் கொடுக்க ஆள் இருக்கட்டும் என்பது வெறுப்பில் பிறந்த ஆசை இல்லை. புது ஊரின் பயத்தில் பிறந்தது.

ஆனாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 2005இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் செய்ததைச் சதுரங்கப் பலகையும் இரண்டு வகைக் காசும் வைத்து யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். காசுகளைக் கலந்து பரப்பி, சில கட்டங்களைக் காலியாக விட வேண்டும். ஒரே ஒரு விதி. தன்னைச் சுற்றியுள்ள காசுகளில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இல்லாவிட்டால், அந்தக் காசு வேறு கட்டத்துக்கு நகரும். கவனியுங்கள், எந்தக் காசுக்கும் மற்ற வகை மேல் வெறுப்பில்லை. தன் வகை சிறுபான்மையாக இருந்தாலும் அது இருந்துகொள்ளும். முழுத் தனிமைதான் அதற்குப் பிடிக்காது. இவ்வளவு மிதமான ஆசையோடு நகர்த்திக்கொண்டே போனால், கடைசியில் பலகை பெரும்பாலும் பிரிந்துபோய்விடுகிறது. இந்த வகை ஒரு பக்கம், அந்த வகை இன்னொரு பக்கம். அப்படி ஒரு பலகையை எந்தக் காசும் விரும்பவில்லை, எல்லாம் சேர்ந்துதான் உண்டாக்கின.

"நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியா" என்ற வரியை இதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரிக் கேட்க முடியவில்லை. என் ஆசை சின்னது என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஊர் பிரிந்துபோவதற்குப் பெரிய ஆசை எதுவும் தேவையில்லை.

சிங்கப்பூர் அரசு இந்தப் பலகையைக் காசுகள் விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை. 1989 மார்ச்சில் வீவக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. வட்டாரத்துக்கு ஒரு வரம்பு, புளோக்குக்கு ஒரு வரம்பு. இன்று சீனர்களுக்கு 84, 87 விழுக்காடு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களும் மற்றவர்களும் 12, 15. கடைசி இரண்டும் 2010 வரை 10, 13ஆக இருந்தன. ஒரு புளோக்கில் வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் வேறு இனத்தவரிடமிருந்து அங்கே வீடு வாங்க முடியாது. இதற்கு விலையும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சிறுபான்மை இனத்து உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்கள் குறைவு, விலையும் இறங்கும். மிகவும் சிரமப்படுகிறவர்களிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. கலந்து வாழ்வதற்கான செலவைக் கலப்பில் சிறியவர்களே அதிகமாகக் கட்டுகிறார்கள் என்பது இந்தக் கொள்கை மேல் வைக்கப்படும் நியாயமான விமர்சனம்.

மலேசியர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையான இடம் இருக்கிறது. வீவக வீட்டை முழுதாக வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதற்குத் தனி வரம்பு உண்டு: வட்டாரத்துக்கு 8, புளோக்குக்கு 11 விழுக்காடு. அதில் மலேசியர்களைச் சேர்ப்பதில்லை. பண்பாட்டிலும் வரலாற்றிலும் நெருக்கமானவர்கள் என்பது காரணம். அரசாங்கம் எங்களை அந்நியராக எண்ணுவதில்லை. எண்ணுபவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அந்த வேறு இடம் அறை வாடகை விளம்பரங்கள். வாங்குவதற்கும் விற்பதற்கும் இருக்கும் இன வரம்பு, ஒருவர் தன் வீட்டு அறையை யாருக்கு விடுகிறார் என்பதைத் தொடுவதில்லை. "இந்தியர் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. முகவர்களுக்கு நெறிமுறை இருப்பதால் இப்போது அது நாசூக்காகிவிட்டது. 'சமையல் கூடாது', 'உரிமையாளருக்கு ஒரு விருப்பம் இருக்கிறது' என்று வரும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம் வேலை கொடுப்பதில் இனம் பார்ப்பதைத் தடுக்கிறது. அறை கொடுப்பதில் இல்லை. நாமும் சிங்கப்பூரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அறை தேடிய எந்த இந்திய மாணவனுக்கும் இந்த அனுபவம் புதிதில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். விருப்பம். தமிழர் பக்கத்தில் இருக்க விரும்புகிறேன் என்று நான் சொல்லும்போதும் அதே சொல், தமிழன் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லும்போதும் அதே சொல். "என் வீடு, என் விருப்பம்" என்று அவர் சொன்னால், "என் வாடகை, என் விருப்பம்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட நான் எப்படி மறுப்பேன்?

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது நான் முதலில் நினைத்த இடத்தில் இல்லை. அவர் வெறுக்கிறார், நான் நேசிக்கிறேன் என்று பிரிக்க முடியாது. அவர் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. போன வாடகைக்காரர் மூன்று மாதம் பணம் கட்டாமல் போயிருக்கலாம். வித்தியாசம் கதவில் இருக்கிறது. நான் ஓரிடத்துக்கு நகரும்போது யார் முகத்திலும் கதவு சாத்தப்படுவதில்லை. அவருடைய விருப்பம் நிறைவேற வேண்டுமென்றால் யாரோ வெளியே நிற்க வேண்டும். அதுவும் அந்த ஆள் யாரென்று பார்க்காமலே, பெயரைக் கேட்டதுமே. ஆகவே விருப்பத்தை மனதின் சுத்தத்தை வைத்து அளக்காமல், அது நிறைவேற யார் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்து அளக்கலாம்.

இந்த அளவுகோலை எடுத்தவுடன் அது என் பக்கமும் திரும்பியது.

சிங்கப்பூருக்கு எனக்கு முன்பே வந்த நண்பர் ஒருவர் அறை தேடும்போது சொன்னார்: "மச்சான், மெசேஜ் போடுறப்பவே மலேசியன்னு போட்டுடு. இல்லன்னா இந்தியாவுல இருந்து வந்தவன்னு நெனச்சு பதிலே போடமாட்டானுங்க." நல்ல எண்ணத்தில் சொன்ன அறிவுரை. வேலையும் செய்யும். நான் மலேசியன் என்பது பொய்யும் இல்லை, கடப்பிதழே சாட்சி. ஆனால் அந்த வாக்கியம் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. 'உங்கள் விதி சரிதான் ஐயா, ஆனால் அது எனக்குப் பொருந்தாது, அவனுக்குப் பொருந்தும்' என்கிறது. திருச்சியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்து அதே அறைக்கு மெசேஜ் போட்டிருக்கும் இன்னொருவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போகிறது. நாட்டைக் கேட்டால் சொல்வேன். ஒப்பந்தத்தில் எப்படியும் எழுத வேண்டும். கேட்காதபோது, இந்தியன் என்ற சொல்லுக்கு மன்னிப்பு மாதிரி மலேசியனை முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதனால் சில பதில்கள் வரவில்லை. எத்தனை வரவில்லை என்று கணக்கு வைக்க முடியாதது இந்த வகை மறுப்பின் தன்மை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நம்ம ஆளுங்க என்றால் யார்?

சிங்கப்பூரில் தமிழர்கள் அதிகம் கூடுகிற இடம் லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கேட்கிற அளவுக்குத் தமிழ் வேறெங்கும் கேட்காது. தமிழர் பக்கத்தில் இருக்க ஆசை என்றால் அங்கேதானே அறை பார்க்க வேண்டும்? ஆனால், "ஐயோ, சண்டே அங்க நடக்கவே முடியாது, அவ்ளோ கூட்டம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் தமிழ்க் கூட்டம். வங்காளதேசத்துக்காரர்களோடு சேர்ந்து, கட்டடமும் எம்ஆர்டி பாதையும் கப்பலும் கட்டுகிற தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். வாரத்தில் ஒரு நாள் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடுகிறவர்கள். அப்படியென்றால் பட்டியலில் நாம் எழுதிய 'நம்ம ஆளுங்க' தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் இல்லை. கோயிலுக்கு வேட்டியில் வருகிற, குழந்தையை பாலர் பள்ளிக்கு விடுகிற, நம் சம்பளத்துக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிற தமிழர்கள். ரசம் கொண்டுவந்து கொடுக்கக்கூடியவர்கள் என்று நாம் கற்பனை செய்வது அவர்களைத்தான்.

அந்தத் தொழிலாளருக்குப் பட்டியலே கிடையாது. மலேசியர் அல்லாத, கட்டுமானத் துறை வேலை அனுமதி அட்டைக்காரர் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. பெரும்பாலானோர் துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் மாதிரி ஊர் ஓரத் தங்குவிடுதிகளில் இருக்கிறார்கள். எந்த விடுதி, எந்தக் கட்டில் என்பது முதலாளி கையில். வீடுகளுக்குள் இருக்கும் இல்லப் பணிப்பெண்களும் விதிப்படி முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். லயத்து வீடு முடிந்துபோன கதை என்று நாம் நினைத்தால், அது நமக்கு மட்டும் முடிந்திருக்கிறது.

2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய தொழில்நுட்பப் பள்ளிக் கட்டடத்தைத் தொழிலாளர் விடுதியாக்கத் திட்டமிட்டார்கள். 1,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி வந்தது, ஆனால் சிறியதாக. தொழிலாளர்கள் வட்டாரத்துக்குள் நடந்து வராதபடி தனிச் சாலையும் போடப்பட்டது. அந்தக் கையெழுத்துக்காரர்களை இனவெறியர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவைத் தவிர்க்கிற நாமும் மனதுக்குள் அப்படி ஒரு தனிச் சாலை போட்டு வைத்திருக்கிறோம். பிறகு 2020இல் கோவிட் வந்தபோது அந்த விடுதிகள் எவ்வளவு நெருக்கமானவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. தூரமாக வைத்தவர்களைப் பற்றி நோய் வரும்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

என் அலுவலகத்தில் சீன நண்பர் ஒருவர், நான் அறை தேடுவதைக் கேட்டு, மென்சியஸின் அம்மா மூன்று தடவை வீடு மாறிய கதையைச் சொன்னார். முதலில் இடுகாட்டுப் பக்கம் குடியிருந்தார்கள். பையன் புதைக்கிற விளையாட்டு விளையாடினான். சந்தைப் பக்கம் மாறினார்கள்; கூவி விற்கிற விளையாட்டு. பள்ளிக்கூடத்துப் பக்கம் மாறினார்கள். பையன் சடங்கு, வணக்கம் எல்லாம் பழகினான். அம்மா அங்கேயே நின்றுவிட்டார், மகன் ஞானியானான். கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். இந்த இடம் என்னை என்னவாக ஆக்கும் என்ற கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இடுகாட்டுப் பக்கம் வேறு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். குழி வெட்டுகிறவரின் பையன் எங்கே மாறிப் போவான்? அவனுடைய ஊரிலிருந்து ஒரு கெட்டிக்காரப் பையனும் ஒரு நல்ல அம்மாவும் குறைந்துபோனார்கள் என்று கதை சொல்வதில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. புறநானூற்றின் 191ஆவது பாட்டில் பிசிராந்தையாரிடம், இவ்வளவு வயதாகியும் தலை நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். அவர் தன் ஊரைக் காரணமாகச் சொல்கிறார். ஆனால் ஊரின் வயலையோ தண்ணீரையோ காற்றையோ சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகள், தன்னிடம் வேலை செய்கிறவர்கள், முறை தவறாத அரசன், அடக்கமுள்ள சான்றோர் பலர் என்று மனிதர்களை எண்ணுகிறார். வேலை செய்கிறவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்னொன்று. இந்தப் பதிலை அவர் சொல்லும்போது அந்த ஊரில் இல்லை. நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கிறான் என்று, பாண்டிய நாட்டை விட்டுச் சோழ நாட்டுக்கு வந்துவிட்டார், சேர்ந்து உயிர்விட. நரைக்காமல் வைத்திருந்த ஊரை இன்னொருவனுக்காக விட்டு வந்தவர் அவர். நல்ல ஊர் என்பதை, தேடிப் பிடித்து உள்ளே புகுந்துகொள்ளும் வசதியாக அவர் பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் நடந்துகொண்ட விதத்தில் அது நல்ல ஊராக இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் நான் துவாஸில் போய்த் தங்க வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். வேண்டாம். வீவகவில் இருந்தால் தவறு, ஜொகூரில் இருந்தால் சரி என்றும் இல்லை. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜொகூர் பாருவில் வாடகை கட்டுகிற நான், ரிங்கிட்டில் சம்பாதிக்கிற பக்கத்து வீட்டு அக்காவை விலையால் பின்னுக்குத் தள்ளக்கூடும். சுத்தமான முகவரி என்று ஒன்று இல்லை. எங்கே இருந்தாலும் யாரோ ஒருவருடைய இடத்தை ஒட்டித்தான் இருக்கிறோம்.

ஆனால் பட்டியலில் சில வரிகளைச் சேர்க்கலாம். ஸ்டேசனும் தோசையும் இருக்கட்டும். இந்த அறைக்குள் போக நான் யாரைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது? நான் விரும்பும் அமைதிக்காக யாரை எந்தச் சாலையில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள்? புளோக்கின் தரைத்தளத்தைக் காலையில் கூட்டுகிறவர் எந்த ஊர்க்காரர், அவர் பெயர் என்ன? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிய வாடகை ஒரு காசு ஏறாது. ஒரு காலை வணக்கம் போதும், பெரும்பாலும் அது தமிழிலேயே இருக்கலாம்.

அடுத்து ஊரிலிருந்து வரப்போகிற தம்பி யாராவது "அண்ணே, எங்க தங்குறது?" என்று கேட்டால் ஸ்டேசன் பெயரும் வாடகையும் சொல்வேன். ஏஜெண்ட் 'இந்தியரா?' என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லு, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்றும் சொல்வேன். அறை கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும். அதுவரை என் அறையில் ஒரு பாய் விரிக்க இடமிருக்கிறது, வீட்டுக்கார ஆண்ட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன்.